இரண்டு புரதங்கள் சேர்கின்றனவா? கித்தாப் பாலை வைத்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் சிலர் இறுதியாண்டு ஆய்வு தொடங்கும்போது என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, இந்த ரெண்டு புரதமும் சேருதான்னு எப்படிப் பார்க்கிறது?" நான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். அம்மா கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டியவர். அதனால் உதாரணத்தை நம் பாலிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

கித்தாப் பாலில் ரப்பர் துகள்கள் மிதக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் எச்ஆர்டி1 என்ற நொதி இருக்கிறது. ஆர்இஎஃப் என்ற சிறிய புரதம் அங்கே ஏராளம். எச்ஆர்டி1, ஆர்இஎஃப், இரண்டையும் இணைக்கும் பாலப் புரதம் ஒன்று, இந்த மூன்றும் ஒரே கூட்டாக இருப்பதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் உங்கள் கேள்வியைத் தாளில் எழுதுங்கள். இரண்டும் நேராகத் தொடுகின்றனவா? ஒரே கூட்டில் இருக்கின்றனவா? எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன? மூன்றும் வேறு வேறு கேள்விகள், சோதனைகளும் வேறு. பல பிள்ளைகள் கூடத்தில் எந்தக் கிட் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கேள்வியை யோசிக்கிறார்கள். அது தலைகீழ்.

ஈஸ்ட் முறை மலிவு, அதனால் பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குவார்கள். ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியு சாங்கும் 1989-இல் கொண்டுவந்தது. ஜிஏஎல்4 என்ற ஈஸ்ட் புரதத்தில் ஒரு பாகம் டிஎன்ஏவைப் பிடிக்கும், இன்னொரு பாகம் ஜீனை ஓட வைக்கும். முதல் பாகத்தோடு ஒரு புரதத்தையும் இரண்டாவதோடு மற்றதையும் கோர்த்து ஈஸ்ட்டுக்குள் விடுகிறோம். இரண்டும் சேர்ந்தால், ஈஸ்ட் வளரத் தேவையான ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் ஜீன் ஓடும். ஹிஸ்டிடின் இல்லாத தட்டில், 30 டிகிரியில், 3 முதல் 5 நாளில் ஈஸ்ட் வளரும்.

வளர்ந்துவிட்டது என்று உடனே மகிழ வேண்டாம். உங்கள் முதல் புரதம் துணையே இல்லாமல் ஜீனை ஓட வைக்கலாம். அதனால் அதை வெறும் இரண்டாம் பாகத்தோடு மட்டும் போட்டு ஒரு தட்டு கட்டாயம் வையுங்கள். அதிலும் வளர்ந்தால் ஹிஸ்டிடின் தயாரிப்பைத் தடுக்கும் 3-அமினோட்ரையசோல் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அடக்கிப் பாருங்கள். இன்னொன்று, இந்தச் சேர்க்கை ஈஸ்ட்டின் நியூக்ளியஸுக்குள் நடக்க வேண்டும். எச்ஆர்டி1 மாதிரி கொழுப்புப் பரப்பில் ஒட்டி வாழும் புரதம் அங்கே போய்ச் சேராமலே இருக்கலாம். தட்டு காலியாக இருந்தால் அவை சேரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். இப்படிப்பட்ட புரதங்களுக்கு, நியூக்ளியஸுக்குப் போகாமல் பரப்பிலேயே வைத்துச் சோதிக்கும் பிளந்த யுபிக்விட்டின் முறைதான் பொருத்தம்.

கோ-ஐபி முறைக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். புரதங்கள் இயற்கையாக இருக்கும் இடத்திலிருந்தே எடுக்கிறோம், அதுவே இதன் பலம். ஒரு புரதத்தை, அதை மட்டுமே பிடிக்கும் ஆன்டிபாடியால் பிடித்து இழுத்து, மற்றதும் கூட வருகிறதா என்று பார்ப்பது. பாலை விடியற்காலையில் வெட்டியவுடன் ஐஸில் வைத்த பாட்டிலில் வாங்குங்கள். உறையாமல் இருக்கத் தோட்டத்தில் அம்மோனியா ஊற்றுவார்கள், உங்களுக்கு அது ஆகாது, புரதத்தைக் கெடுத்துவிடும். பாலில் லூட்டாய்ட் என்ற பைகள் உண்டு. அவை வெடித்தால் பால் கட்டியாகும், கட்டிக்குள் சம்பந்தமில்லாத புரதமெல்லாம் சிக்கிக்கொள்ளும்.

குளிரிலேயே சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் மேலே ரப்பர், நடுவில் தெளிந்த நீர், அடியில் லூட்டாய்ட் என்று பிரியும். மேல் அடுக்கை எடுத்துக் கழுவி, 150 மில்லிமோலார் உப்பும் 1 சதவீத ட்ரைட்டன் என்ற மென்மையான சோப்பும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளுக்கான தடுப்பானும் உள்ள பஃபரில், 4 டிகிரியில் கரையுங்கள். இந்தக் கட்டத்தில் எஸ்டிஎஸ் என்ற கடுமையான சோப்பு வேண்டாம், அது சேர்க்கையையே பிரித்துவிடும். மறுபடி சுற்றி ரப்பரை ஒதுக்கிவிட்டு, தெளிந்ததில் ஆன்டிபாடியையும் அதைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகளையும் போட்டு இழுங்கள்.

இழுத்து வந்ததை, புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்ப்போம். அந்த ஜெல்லில் மூன்று வரிசை இல்லாமல் யார் காட்டினாலும் நான் ஏற்றுக்கொள்வதில்லை: ஆரம்பக் கரைசலில் ஒரு சிறு பங்கு, அதே விலங்கின் சாதாரண ஆன்டிபாடியால் இழுத்தது, உங்கள் ஆன்டிபாடியால் இழுத்தது. அப்புறம் திசையை மாற்றி, இரண்டாவது புரதத்தைப் பிடித்து முதலாவதைத் தேடுங்கள். ஆன்டிபாடியே ஜெல்லில் 50, 25 கிலோடால்டன் பக்கம் பட்டையாகத் தெரியும். ஆர்இஎஃப் ஏறக்குறைய 15, அதற்குத் தொந்தரவில்லை. எஸ்ஆர்பிபி என்ற இன்னொரு ரப்பர்த் துகள் புரதம் 24 பக்கம், நேராக அந்தப் பட்டையின் கீழ் மறைந்துவிடும். அதைத் தேடுகிறவர்கள் ஆன்டிபாடியை மணிகளோடு ரசாயனத்தால் பூட்டிவிட்டு வேலை செய்யுங்கள்.

கோ-ஐபியில் கூட வந்தது என்றால் ஒரே கூட்டில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள் இல்லை. எச்ஆர்டி1-ஐ இழுத்து ஆர்இஎஃப் வந்தாலும், நடுவில் பாலப் புரதம் இருக்கலாமே?

அதற்குத்தான் ஜிஎஸ்டி இழுப்பு. ஒரு புரதத்தை ஜிஎஸ்டி என்ற வாலோடு ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, அந்த வாலைப் பிடிக்கும் குளூட்டாதயோன் மணிகளில் ஒட்டி, தூய்மையாக்கிய மற்றொன்றைச் சேருங்கள். பாலப் புரதம் இல்லாமல் ஒரு குழாய், அதைச் சேர்த்து ஒரு குழாய், வெறும் ஜிஎஸ்டி மட்டும் ஒரு குழாய். பாலம் இருந்தால் மட்டும் பட்டை வந்தால் அதுவே உங்கள் பதில். கொழுப்பில் ஒட்டும் புரதங்கள் ஈ.கோலைக்குள் கரையாத உருண்டையாகிவிடும், அந்தத் தலைவலிக்கு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இறுக்கத்தை அளக்க எஸ்பிஆர் அல்லது ஐடிசி கருவி வேண்டும், அதற்குப் பெரிய கூடத்தில் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். செல்லுக்குள் பார்க்கப் பிளந்த ஒளிரும் புரதம் அழகான படம் தரும். ஆனால் இரண்டு பாதியும் ஒருமுறை சேர்ந்தால் பிரியாது, தற்செயலாக மோதியதும் ஒளிரும். சேரும் இடத்தை மாற்றிய புரதத்தை எதிர்ச் சோதனையாக வைத்து, ஒளி குறைந்தால் மட்டுமே நம்புங்கள்.

ஒரு செமஸ்டர்தான் இருக்கிறதென்றால் கோ-ஐபி, ஜிஎஸ்டி இழுப்பு இரண்டையும் எடுங்கள். இரண்டும் வெவ்வேறு இடத்தில் தவறும், அதனால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கும். ஆன்டிபாடி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், முதல் வாரமே ஆர்டர் போட்டுவிடுங்கள். அது வரும்வரை ஜிஎஸ்டி புரதத்தைத் தயாரிக்கலாம்.