கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும் வாரத்தில் குழந்தையின் தூக்கம்

சில நாடுகளில் கோடையை ஒட்டிய மாதங்களுக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் கூட்டி, பின்னர் குறைக்கும் பகலொளி சேமிப்பு நேரம் தொடங்கும் அல்லது முடியும் ஞாயிற்றுக்கிழமையன்று கைபேசிகளெல்லாம் தாமாகவே புதிய நேரத்துக்கு மாறிவிடுகின்றன. ஆனால் கைக்குழந்தைக்கு முந்தைய நாள் பசித்த அதே பொழுதில்தான் பசிக்கும், கண் சொருகிய அதே பொழுதில்தான் கண் சொருகும். இந்த இடைவெளியைச் சரிசெய்ய முயலும்போது பெற்றோர் பெரும்பாலும் இரவு தூங்க வைக்கும் நேரத்தை மட்டுமே மாற்றப் பார்க்கிறார்கள். குழந்தையின் உடல் தன் பொழுதை அறிந்துகொள்வது காலை விழிப்பு, வெளிச்சம், பால் குடிக்கும் நேரம், பகல் தூக்கம் ஆகிய அனைத்தையும் கொண்டுதான் என்பதால், இவற்றைச் சேர்த்து நகர்த்தாமல் இரவை மட்டும் நகர்த்தினால் உழைப்புக்கேற்ற பலன் கிடைப்பதில்லை.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புத் தொகுதிதான் நம் உடற்கடிகாரம். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அது பகலையும் இரவையும் அறிகிறது. இருட்டும்போது மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரப்பது கூடுகிறது, வெளிச்சம் பட்டால் குறைகிறது. காலையில் படும் வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை முன்கூட்டியே ஓட வைக்கும். மாலையிலும் முன்னிரவிலும் படும் வெளிச்சம் அதைத் தாமதப்படுத்தும். கீழே சொல்லப்படும் வழிமுறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவை.

பிறந்து இரண்டு மூன்று மாதங்கள் ஆகும்வரை இந்தக் கடிகாரம் சரிவர உருவாகியிருக்காது. ஆகவே மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்காக எந்த ஏற்பாடும் செய்ய வேண்டியதில்லை. பசித்தால் பால் கொடுத்து, தூக்கம் வந்தால் தூங்க வைத்து, வழக்கம்போல் இருந்தாலே போதும். காய்ச்சலோ சளியோ உள்ள குழந்தையையும் அந்த வாரத்தில் தொந்தரவு செய்யாமல், உடல் தேறிய பின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு சூழலும் உண்டு: உங்கள் குழந்தை விடியற்காலை 5 மணிக்கே எழுந்துவிடும் வழக்கமுடையது என்றால், கடிகாரத்தில் ஒரு மணி நேரம் கூட்டப்படும்போது அதே விழிப்பு 6 மணியாகிவிடும். இரவு உறங்கும் நேரம் ஒரு மணி நேரம் பிந்துவது உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமானால், அதை அப்படியே விட்டுவிடுவதுதான் சிறந்தது.

மாற்றம் எந்த நாளில் வருகிறது என்பதை முன்பே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்று கூட்டி, நவம்பர் மாத முதல் ஞாயிறன்று குறைக்கிறார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாற்றம் நிகழ்கிறது. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்களில் அக்டோபர் முதல் ஞாயிறன்று கூட்டி, ஏப்ரல் முதல் ஞாயிறன்று குறைக்கிறார்கள். குயின்ஸ்லாந்து, அரிசோனாவின் பெரும்பகுதி, ஹவாய் போன்ற இடங்களில் இந்த வழக்கமே இல்லை.

கடிகாரம் குறைக்கப்படும்போது

பெரியவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம் தரும் இந்த மாற்றம்தான், என் கருத்தில், கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் கடினமானது. 6 மணிக்கு எழும் குழந்தை அன்றிலிருந்து 5 மணிக்கு எழும். மாலை 6 மணிக்கே தூக்கத்துக்கு அழும். என் மகளின் முதல் ஆண்டில், வழக்கமாக 7 மணிக்கு உறங்குபவளை அந்த சனிக்கிழமையன்று ஒரேயடியாக 8 மணி வரை விழிக்க வைத்தால் மறுநாள் தாமதமாக எழுவாள் என்று நம்பினேன். அவள் அளவுக்கு மீறிக் களைத்து, இரவில் பலமுறை அழுது, விடியற்காலை 4 மணி சுமாருக்கே எழுந்துவிட்டாள். மிகவும் களைத்த குழந்தை நீண்ட நேரம் தூங்குவதில்லை, தூக்கம் கலைந்து கலைந்து முன்னதாகவே எழுந்துவிடுகிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

எனவே சிறு அளவுகளில் நகர்த்துங்கள். இரவு 7 மணிக்கு உறங்கும் குழந்தையை, மாற்றத்துக்கு முந்தைய புதன்கிழமை 7:15 மணிக்கும், வியாழன் 7:30 மணிக்கும், வெள்ளி 7:45 மணிக்கும், சனிக்கிழமை 8 மணிக்கும் தூங்க வைத்தால், ஞாயிறன்று அந்த 8 மணியே புதிய 7 மணியாக வந்து நிற்கும். எளிதில் களைத்துப்போகும் குழந்தையாக இருந்தால் ஒரு நாள்விட்டு ஒரு நாள் 10 நிமிடம் என்ற கணக்கில் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்பே தொடங்கலாம். பகல் தூக்கத்தையும் பால், உணவு நேரங்களையும் அதே அளவு தள்ளிக்கொண்டே வர வேண்டும். காலை 9:30 மணித் தூக்கம் 9:30 மணியிலேயே நின்றுவிட்டால், உடல் அதை நாளின் தொடக்கத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு, விடியற்காலை விழிப்பை உறுதிப்படுத்திவிடும். பசித்து அழும் குழந்தையைக் கடிகாரத்துக்காகக் காக்க வைக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறிப்பாக ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, கேட்கும்போது பால் கொடுப்பதே சரி.

மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போய்ச் சிறிது நேரம் இருந்துவிட்டு வந்தால், உடற்கடிகாரம் தாமதமாவதற்கு அதுவும் உதவும். இதற்கு மாறாக, விடியற்காலை 5 மணிக்கு விழித்த குழந்தையை உடனே விளக்கு எரியும் கூடத்துக்குக் கொண்டுவந்து விளையாட விட்டால், 5 மணிதான் பகலின் தொடக்கம் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆகிறோம். அறையை இருட்டாகவே வைத்து, தாழ்ந்த குரலில் ஆறுதல் சொல்லி, பால் தேவைப்பட்டால் இருட்டிலேயே கொடுத்து, நீங்கள் விரும்பும் விழிப்பு நேரத்தை நோக்கி நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். காலை விழிப்பு இரவு நேரத்தைவிடச் சில நாள் பிந்தித்தான் சரியாகும். இடையில் முறையை மாற்றிவிடாதீர்கள்.

கடிகாரம் கூட்டப்படும்போது

மனித உடற்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமாக ஓடக்கூடியது. அதனால் உறக்கத்தைப் பின்தள்ளுவதைவிட முன்னிழுப்பது கடினம். பழைய 7 மணி இப்போது 8 மணியாகிவிடுவதால், புதிய 7 மணிக்குப் படுக்க வைத்தாலும் குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருக்கும். இங்கே முதலில் நகர்த்த வேண்டியது காலை விழிப்பு. மாற்றத்துக்கு முந்தைய நான்கு நாட்களில் வழக்கத்தைவிட 15, 30, 45, 60 நிமிடம் என்று படிப்படியாக முன்னதாக மெல்ல எழுப்பி, உடனே திரையை விலக்கி வெளிச்சம் படும்படி வைத்துக்கொண்டால், இரவுத் தூக்கமும் அதே அளவு முன்னே வரத் தொடங்கும். உறங்கும் குழந்தையை எழுப்ப மனம் வராதுதான். ஆயினும் சில நாட்களுக்கு மட்டும் இதைச் செய்யலாம். மாலை வெளிச்சம் நீண்டுகொண்டே போகும் காலம் என்பதால், படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே அறைத் திரைகளை மூடி விளக்குகளைக் குறைத்துவிடுங்கள்.

முன்னேற்பாடு எதுவும் செய்ய முடியாமல் ஞாயிறு வந்துவிட்டால், இரு மாற்றங்களுக்கும் பொதுவான ஒரு நடுவழி உண்டு. வழக்கமாக 7 மணிக்கு உறங்கும் குழந்தையை, கூட்டப்பட்ட வாரத்தில் முதல் மூன்று நாள் புதிய 7:30 மணிக்கும், குறைக்கப்பட்ட வாரத்தில் முதல் மூன்று நாள் புதிய 6:30 மணிக்கும் தூங்க வைத்து, அதன்பின் 7 மணிக்குக் கொண்டுவரலாம். பெரும்பாலான குழந்தைகள் ஒரு வாரத்தில், சில குழந்தைகள் இரண்டு வாரத்தில் சீராகிவிடும்.

அறையும் சுற்றமும்

அறை எவ்வளவு இருட்டு என்பதை நண்பகலில் திரைகளையும் கதவையும் மூடிவிட்டு உள்ளே நின்று பார்த்தால் தெரிந்துவிடும்; புத்தகத்தின் எழுத்துகளைப் படிக்க முடிந்தால், வெளிச்சம் புகாத கனமான திரை தேவை. திரையின் கயிறு குழந்தையின் கைக்கு எட்டாதபடி தொட்டிலைத் தள்ளியே வைக்க வேண்டும். அந்தக் கயிறு கழுத்தில் சுற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, பால், தாலாட்டு என்று இரவில் நீங்கள் பின்பற்றும் வரிசையை அந்த வாரத்தில் சிறிதும் மாற்றாதீர்கள். நேரம் குழம்பும்போது அந்த வரிசைதான் குழந்தைக்கு இரவு வந்துவிட்டது என்பதைச் சொல்கிறது.

பகல்நேரக் காப்பகத்துக்குப் போகும் குழந்தையானால், அங்கே உணவும் தூக்கமும் திங்கட்கிழமையிலிருந்தே புதிய நேரப்படி நடக்கும் என்பதால், நீங்கள் நகர்த்திவரும் அளவைப் பராமரிப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கடிகாரம் மாறாத நாட்டில் வாழும் தாத்தா பாட்டியோடு தினமும் மாலையில் வீடியோவில் பேசும் வீடுகளில், நேரம் கூட்டப்பட்டதும் அந்த அழைப்பு ஒரு மணி நேரம் பிந்தி, சரியாகத் தூங்க வைக்கும் வேளையில் வந்து விழும். அன்போடு வரும் அழைப்புதான் என்றாலும், திரையின் வெளிச்சமும் உற்சாகமும் உறக்கத்தைத் துரத்திவிடும் என்பதை விளக்கி, வேறு நேரம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த நாட்களில் பெற்றோரின் தூக்கமும் கெடுகிறது. நள்ளிரவில் குழந்தையை மார்போடு அணைத்தபடி சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ கண்ணயர்ந்துவிடுவது குழந்தைக்கு மூச்சுத்திணறல் ஏற்படுத்தக்கூடிய பெரும் ஆபத்து. கண் சொருகுகிறது என்று தோன்றிய உடனே, தலையணையும் போர்வையும் இல்லாத, உறுதியான, சமதளமான தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிடுங்கள். அல்லது வீட்டிலுள்ள மற்றவரிடம் ஒப்படையுங்கள். விடியற்காலையில் குழந்தையைக் காரில் வைத்துச் சுற்றித் தூங்க வைக்கும் வழக்கத்தையும் தூக்கம் கெட்ட அந்த நாட்களில் தொடங்க வேண்டாம்.

மொத்தத் தூக்கம் குறைந்துவிட்டதோ என்ற கவலை எழுந்தால், ஒரு வார அளவைக் குறித்துப் பாருங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரைப்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து 4 முதல் 12 மாதக் குழந்தைகளுக்கு நாளுக்கு 12 முதல் 16 மணி நேரமும், 1 முதல் 2 வயதுக் குழந்தைகளுக்கு 11 முதல் 14 மணி நேரமும் உறக்கம் தேவை. இந்த அளவுக்குள் இருந்து, விழித்திருக்கும்போது குழந்தை உற்சாகமாகவும் இருந்தால், ஓரிரு நாள் குழப்பத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. மெலடோனின் மருந்தையோ வேறு தூக்க மருந்தையோ மருத்துவர் சொல்லாமல் ஒருபோதும் கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் கடந்தும் தூக்கம் சீராகாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்; உறக்கத்தில் பலத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்று தொடர்வது, பால் குடிப்பது குறைவது ஆகியவை தென்பட்டால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.