இருக்கிற தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு வரும்? வறட்சிப் பருவத்துக்கான கணக்கு

மழை பொய்த்த பருவத்தில் நட்டத்தின் பெரும்பகுதி விதைக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. கிணற்றில் ஒரு ஏக்கருக்குத்தான் தண்ணீர் இருக்கும். "எப்படியும் ஒரு மழை வரும்" என்ற நம்பிக்கையில் மூன்று ஏக்கரில் விதை விழும். நாற்பது நாள் கழித்து மூன்றும் வாட ஆரம்பிக்கும்போது எதைக் கைவிடுவது என்று மனசு வராது. எல்லாவற்றுக்கும் அரைகுறையாகப் பாய்ச்சி, எதிலும் கதிர் பிடிக்காமல் போகும். அதனால் முதல் வேலை அளப்பதுதான்.

தண்ணீரை அளப்பது

20 லிட்டர் வாளி ஒன்றும் கடிகாரமும் போதும். மோட்டார் போட்டவுடன் அளக்காதீர்கள். அப்போது கிணறு நிறைந்திருப்பதால் கணக்கு ஏமாற்றும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று மூன்று முறை பாருங்கள். 8 விநாடி என்றால் விநாடிக்கு 2.5 லிட்டர், மணிக்கு 9,000 லிட்டர். கிணறு வற்றாமல் தினமும் 4 மணி நேரம் ஓடுமானால் நாளுக்கு 36,000 லிட்டர்.

இதை ஊற்றின் அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். இரவு மோட்டாரை நிறுத்தியதும் கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். காலையில் மறுபடி அளங்கள். 6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் மட்டம் 1 மீட்டர் ஏறினால் 28,000 லிட்டருக்குச் சற்று மேல் ஊறியிருக்கிறது. ஊறுவதைவிட இறைப்பது அதிகமென்றால் நீங்கள் அடுத்த மாதத் தண்ணீரை இப்போதே செலவழிக்கிறீர்கள். கோடை முற்ற முற்ற ஊற்று குறையும். எனவே இன்றைய அளவில் 30 சதவீதத்தைக் கழித்துவிட்டுத் திட்டமிடுவது நல்லது. நாளுக்கு 36,000 லிட்டர் இறைக்கும் கிணற்றுக்கு அது 25,200 லிட்டர்.

இனி பயிர்ப் பக்கம். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் சுமார் 4,050 லிட்டர். வெயில் காலத்தில் முழு வளர்ச்சியில் இருக்கும் பயிருக்கு நாளுக்கு 6 மி.மீ. என்று வைத்தால் 24,300 லிட்டர் வேர் வரை போய்ச் சேர வேண்டும். வாய்க்கால் பாசனத்தில் இறைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் பயிருக்குச் சேரும். சொட்டு நீரில் 90 சதவீதம். ஆக வாய்க்காலில் ஏக்கருக்கு 40,500 லிட்டர், சொட்டில் 27,000 லிட்டர் இறைக்க வேண்டும். 25,200 லிட்டரில் வாய்க்கால் பாசனம் என்றால் 62 சென்ட், சொட்டு நீர் என்றால் 93 சென்ட். உங்கள் கிணற்றுக்கான எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வரும் விடை கசக்கத்தான் செய்யும்.

பரப்பைக் குறைப்பதா, தண்ணீரைப் பகிர்வதா?

இதற்கு எல்லாப் பயிருக்கும் ஒரே விடை கிடையாது. தண்ணீர் எத்தனை சதவீதம் குறைந்தால் விளைச்சல் எத்தனை சதவீதம் குறையும் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1979-ல் பயிர்வாரியாகக் குணகங்களை வெளியிட்டது. மக்காச்சோளத்துக்கு 1.25, கரும்புக்கு 1.2, தக்காளிக்கு 1.05, சோளத்துக்கு 0.9, பருத்திக்கு 0.85, நிலக்கடலைக்கு 0.7.

ஒரு ஏக்கருக்கான தண்ணீரை இரண்டு ஏக்கருக்குப் பகிர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒவ்வோர் ஏக்கருக்கும் பாதித் தண்ணீர். மக்காச்சோளத்தில் 50 சதவீதப் பற்றாக்குறைக்கு விளைச்சல் 62.5 சதவீதம் விழும். மிஞ்சுவது ஏக்கருக்கு 37.5. இரண்டையும் கூட்டினால் 75. முழுத் தண்ணீர் விட்ட ஒரே ஏக்கர் 100 தந்திருக்கும். இரட்டிப்பு விதை, இரட்டிப்பு உழவு, இரட்டிப்பு உரம் போட்டு முக்கால் பங்கு அறுவடை! அதே கணக்கை நிலக்கடலைக்குப் போட்டால் ஏக்கருக்கு 65, மொத்தம் 130. அங்கே பகிர்ந்து பாய்ச்சுவது லாபம். சோளம் நடுவில் நிற்கிறது: 110 வரும், ஆனால் கூடுதல் பத்தைச் சாகுபடிச் செலவே விழுங்கிவிடும்.

குணகம் 1-க்கு மேலென்றால் பரப்பைச் சுருக்குங்கள். நன்றாகக் கீழே இருந்தால் பரப்பலாம். பற்றாக்குறை 50 சதவீதத்தைத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. எந்தப் பயிரானாலும் சரிந்துவிடும்.

எந்த நாட்களை விடக்கூடாது

மேலே சொன்னது முழுப் பருவத்துக்கான சராசரி. பருவத்துக்குள் எல்லா நாளும் ஒன்றல்ல. மக்காச்சோளத்துக்குத் தழை வளரும் காலத்தில் குணகம் 0.4தான், பூக்கும்போது அது 1.5. உச்சியில் ஆண் பூ விரிந்து மகரந்தம் ஒரு வாரம் போலக் கொட்டும். தண்ணீர் போதாத செடியில், மகரந்தத்தை வாங்க வேண்டிய கதிர் நுனியின் பட்டிழை தாமதமாக வெளிவரும். வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். செடி பச்சையாக, ஆள் உயரத்துக்கு நிற்கும். உறையை உரித்துப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல்லுப் போன மாதிரி மணிகள். அதற்குப் பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த மணிகள் திரும்ப வராது. ஆகவே முன்பருவத்தில் கொஞ்சம் வாட விட்டாவது, பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்பு வரைக்கும் பாய்ச்சுவதற்கான தண்ணீரை முன்பே சேமித்து வையுங்கள்.

நெல்லில் சூல் கட்டுவது முதல் பூத்து முடியும் வரை காயவிடக்கூடாது. காய்ந்தால் கதிர் முழுசாக வெளிவராது, வந்ததும் பதராகும். மற்ற நாட்களில் காய்ச்சலும் பாய்ச்சலும் போதும். 30 செ.மீ. நீளக் குழாயின் கீழ்ப் பாதியில் துளையிட்டு, துளையுள்ள 15 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே அடுத்த பாய்ச்சல். நிலக்கடலையில் கவனிக்க வேண்டியது விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காய் பிடிக்கும் காம்பு) இறங்கும் காலம். மேல்மண் இறுகினால் விழுது உள்ளே போகாது. போனாலும் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து ஈரம் வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் பொக்குக் காயே மிஞ்சும்.

பயிருக்குத் தாகமா என்று நண்பகலில் முடிவு செய்யாதீர்கள். உச்சி வெயிலில் இலை சுருள்வது சாதாரணம். காலை 9 மணிக்கே சுருண்டிருந்தால்தான் தண்ணீர் அவசரம். சந்தேகமிருந்தால் 25 செ.மீ. தோண்டி ஒரு பிடி மண்ணை அழுத்திப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் வேர் மண்டலம் காய்ந்திருக்கிறது.

வைக்கோல், தழை, காய்ந்த களை என்று எது கிடைத்தாலும் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடலாம். தண்டை ஒட்டிப் போட்டால் அழுகல் வரும். ஒரு கை அகலம் விட்டுப் போடுங்கள். காய்ந்த மண்ணில் தழைச்சத்து உரம் போடுவது வீண். மேலே தரைமட்டத்தில் இருக்கும் மோட்டார் நீர்மட்டத்திலிருந்து 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சாது, காற்றுதான் வாங்கும். கிணற்றுக்குள் திட்டில் இறக்கி வைக்க வேண்டும். மட்டம் இறங்கும்போது தண்ணீர் உப்பாவதும் உண்டு. தண்ணீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்து திறன் மீட்டருக்கு 1.1 டெசி சீமன்ஸைத் தாண்டினாலே மக்காச்சோளம் விளைச்சலை இழக்கத் தொடங்கும்; சோளம் 4.5 வரைக்கும் பருத்தி 5.1 வரைக்கும் தாங்கும்.

கருகிய பயிரை மாட்டுக்குப் போடும் முன்

பயிர் போனால் தட்டையாவது தீவனமாகட்டும் என்று அறுத்துப் போடுவதில்தான் மாடுகள் சாகின்றன. இரண்டு நஞ்சுகள் இருக்கின்றன, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது நைட்ரேட். வளர்ச்சி நின்ற சோளம், மக்காச்சோளம், கம்பு ஆகியவற்றின் அடித்தண்டில் சேரும். தரையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. விட்டு அறுங்கள். வறட்சிக்குப் பின் மழை பெய்தால் உடனே அறுக்காமல் ஒரு வாரமாவது பொறுங்கள், ஏனென்றால் மழைக்கு அடுத்த சில நாட்களில் அளவு திடீரென ஏறும். காயவைத்தால் இது குறையாது. குழியில் காற்றுப் புகாமல் ஊறுகாய்ப் புல்லாக்கினால் 30 முதல் 60 சதவீதம் வரை குறையும். பரிசோதனையில் உலர் எடையில் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் பொதுவாகப் பயமில்லை, 1.5 தாண்டினால் கொடுக்கவே கூடாது.

இரண்டாவது ஹைட்ரோசயனிக் அமிலம், அதாவது சயனைடு நஞ்சு. இளஞ்சோளத்திலும், வெட்டிய பிறகு துளிர்க்கும் மறுதாம்பிலும் அதிகம். முழங்காலைத் தாண்டி 60 செ.மீ. வளராத சோளத்தில் மாட்டை அவிழ்த்துவிடாதீர்கள். நன்றாகக் காயவைத்தால் இது ஆவியாகிவிடும்.

மாடு மூச்சுத் திணறி விழுந்தால் மருத்துவரைக் கூப்பிடும்போதே இரத்தத்தின் நிறத்தைச் சொல்லுங்கள். பழுப்பேறி இருந்தால் நைட்ரேட், அதற்கு மெத்திலீன் நீலம் ஊசி. பளிச்சென்ற சிவப்பென்றால் சயனைடு, அதற்குச் சோடியம் தயோசல்பேட். பசியோடு இருக்கும் மாட்டுக்கு இந்தத் தட்டை எதையும் முதல் தீனியாகப் போடாதீர்கள்; வைக்கோல் கொஞ்சம் தின்ற பிறகு பிரித்துக் கொடுங்கள்.

வெறும் வைக்கோலைச் சத்தேற்ற 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடுங்கள். திறந்து நெடி அடங்கும்வரை ஆறவிட்டுக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு ஆகாது. யூரியாவைத் தூவியோ குடிநீரில் கலக்கியோ கொடுத்தால் அது விஷம்.

கடைசி மாதத்தில் காய்ந்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஆஸ்பெர்கில்லஸ் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். சமைத்தாலும் முழுசாகப் போகாது. கறவை மாடு தின்றால் பாலுக்கும் வரும். நிலக்கடலையை 8 சதவீத ஈரத்துக்கும் மக்காச்சோளத்தை 13 சதவீதத்துக்கும் கீழே காயவைத்து, சுருங்கியதையும் பூசணம் பட்டதையும் பொறுக்கி எறியுங்கள். எறிவதைக் கோழிக்குப் போடாதீர்கள்.

சந்தைக்கு எப்போது தெரியும்

வறட்சி சந்தைக்கு ஒரே நாளில் வராது. காய்கறி சில வாரங்களில் குறையும், பால் அதற்கடுத்து. தானியத்தில் கிடங்கு இருப்பு தீரும்வரை பெரிதாகத் தெரியாது. இறைச்சி நேர்மாறு: தீவனம் இல்லாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் மாட்டை ஓட்டி வருவதால் முதலில் விலை விழும், பிறகு ஏறி மாதக்கணக்கில் இறங்காது. சினை ஒன்பது மாதம், கன்று வளர இரண்டு வருஷம். மந்தை மறுபடி பெருக மூன்று வருஷமாவது பிடிக்கும். ஆகவே மாடு விற்பதென்றால் எலும்பு தெரிவதற்கு முன்னே விற்றுவிடுங்கள். கிழடு, மலடு முதலில். இளம் பசுவைக் கடைசிவரை வைத்திருங்கள்.

எங்கோ தொலைவில் நடக்கும் வறட்சியும் வாசலுக்கு வரும். 2010-ல் வறட்சியால் கோதுமை கருகியதும் ஆகஸ்ட் 15 முதல் ரஷ்யா தானிய ஏற்றுமதியை நிறுத்தியது. உலகச் சந்தையில் விலை ஏறியது. 2023-ல் பனாமா கால்வாய்க்கு நீர் தரும் ஏரியின் மட்டம் இறங்கி, கப்பல்களின் எண்ணிக்கையையே குறைத்தார்கள்.

சந்தையில் முதலில் காணாமல் போவது நல்ல விதை. விதைக்காக விட்ட வயலும் காய்ந்திருக்கும். இரண்டு விதைப்புக்கு வேண்டியதை ஒதுக்கி வையுங்கள், முதல் விதைப்பு ஏமாற்றுவது வழக்கம். 20 மி.மீ. மழை காய்ந்த நடுத்தர மண்ணில் 15 செ.மீ. ஆழம்தான் இறங்கும். இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள்: ஈரமுள்ள வரை வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். 30 செ.மீ. போகாமல் விதைக்க வேண்டாம். காத்திருக்கும் நாட்களில் 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தது என்று பாருங்கள். 85 சதவீதம் முளைக்க வேண்டிய விதையில் 60தான் முளைத்தால், விதை அளவை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம். 40-க்குக் கீழே போனால் அந்த மூட்டையை விதைக்காதீர்கள்.