இரவு இரண்டு மணிக்கு முன்பே செய்ய வேண்டியவை: இறுதி நாட்களில் காணொளி வழி மருத்துவம்

"இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பும்போது, தேவைப்பட்டால் போனில் மருத்துவரைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் பெரும்பாலான குடும்பங்கள் வீடு திரும்புகின்றன. ஆனால் நள்ளிரவில் முதன்முறையாக அழைக்கப்படும் அறிமுகமில்லாத மருத்துவரால், "உடனே கொண்டு வாருங்கள்" என்பதற்கு மேல் பொறுப்புடன் எதுவும் சொல்ல இயலாது. ஆகவே, வீடு திரும்பும் நாளிலேயே, சிகிச்சை அளித்த மருத்துவர் காணொளி அழைப்பில் பார்ப்பாரா, எந்த எண்ணில், இரவில் அந்த எண்ணை எடுப்பவர் யார் என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் அழைப்பை நோயாளி ஓரளவு தெளிவாக இருக்கும் பகல் வேளையில் செய்துவிடுங்கள். பின்னர் நிலைமை மோசமாகும்போது, எந்த நிலையிலிருந்து மாறியிருக்கிறார் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்கும்.

காணொளியில் மருத்துவ ஆலோசனை தரும் ஒன்றிய அரசின் இ-சஞ்சீவனி சேவை இலவசம்தான். எனினும் அதில் நோயாளியை முன்பின் அறியாத மருத்துவர் வரக்கூடும் என்பதால், நான் அதை இரண்டாவது வழியாகவே வைத்துக்கொள்வேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலித்தணிப்புச் சிகிச்சைக்கான செவிலியர் வீட்டிற்கே வருகிறார். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். திரையில் மருத்துவர் சொல்வதைச் செய்து காட்டப் பழகிய கை ஒன்று வேண்டும்.

பலரும் கடைசி நேரத்தில்தான் அறிந்துகொள்ளும் விதி, கடும் வலிக்குத் தரப்படும் மார்ஃபின் பற்றியது. 2020 மார்ச் 25 அன்று இந்தியாவில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், மார்ஃபின் போன்ற போதை மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித் தருவதைத் தடை செய்கின்றன. வலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் காணொளி வழியே மார்ஃபின் சீட்டு கிடைக்காது. எனவே, ஒரு வாரக் கையிருப்பு மீதமிருக்கும்போதே, மருத்துவ ஆவணங்களுடன் நேரில் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். ஏற்கெனவே தந்திருக்கும் மாத்திரையில், வேளைகளுக்கு இடையே வலி கிளம்பினால் எத்தனை கொடுக்கலாம், எவ்வளவு நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மலமிளக்கியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் ஏறக்குறைய நிச்சயம்.

அழைப்பதற்கு முன், ஒரு நோட்டில் கடைசியாக மருந்து கொடுத்த நேரம், சிறுநீர், மலம், உட்கொண்ட ஆகாரம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். "வலி ரொம்ப இருக்கிறது" என்பதைவிட, "வலி பத்துக்கு எட்டு இருக்கும்; ஆறு மணி மாத்திரைக்குப் பிறகும் குறையவில்லை" என்பது மருத்துவருக்கு உதவும். பேச இயலாதவரானால், புரட்டும்போது முனகுகிறாரா, புருவம் சுருங்குகிறதா என்று சொல்லலாம். ஜன்னலுக்கு எதிரே போனைப் பிடித்தால் முகம் கறுத்துத் தெரியும்; வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். போனின் பின்பக்கக் கேமராவால் முதலில் கால்மாட்டிலிருந்து முழு உடலையும், பிறகு முகத்தையும், அதன்பின் துணியை விலக்கி மார்பையும் காட்டுங்கள்.

எங்கள் அப்பாவின் கடைசி வாரத்தில், மருத்துவர் ஒரு முழு நிமிடம் எதுவும் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்று நான் "ஹலோ, ஹலோ" என்றேன். மருத்துவர் திரையில் அப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிடத்திற்கு முப்பத்து நான்கு. தலைமாட்டை இரண்டு தலையணையால் உயர்த்தி, மேசை விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பச் சொன்னார். சற்று நேரத்தில், கட்டில் சட்டத்தை இறுகப் பற்றியிருந்த அப்பாவின் விரல்கள் தளர்ந்தன.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளையும் அதே அழைப்பில் சேர்த்துக்கொள்வது நல்லது; மருத்துவர் சொன்னதைப் பிறகு நாம் எடுத்துச் சொல்லும்போதுதான் சச்சரவு பிறக்கிறது. ஆனால் கேள்வி கேட்பவர் ஒருவராகவே இருக்கட்டும். எவ்வளவு நாள் தாங்கும் என்பது போன்ற பேச்சுக்குப் போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுங்கள். கண் மூடியிருப்பவருக்குக் காது கேட்கக்கூடும்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை: கடைசி நாட்களில் விரல்கள் சில்லிட்டுப்போவதால் அதன் எண்ணை நம்ப இயலாது. முகத்தைப் பார்க்காமல் எண்ணையே பார்த்துப் பதறும் வீடுகள் உண்டு. அதைக் கழற்றிவைத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தொண்டையில் கரகரவென்று மூச்சு இழுக்கும் ஒலி கேட்டால் அதைப் பதிவு செய்து அனுப்புங்கள். ஒருக்களித்துப் படுக்கவைப்பதே பெரும்பாலும் போதுமானது. அந்த ஒலி நம்மைக் கலங்கடிக்கும் அளவுக்கு அவரை வருத்துவதில்லை.

உயிர் பிரிந்ததை மருத்துவர் ஒருவர் நேரில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டியிருப்பதாலும், காரணத்தைக் குறிப்பிட்டுச் சான்று தர நோயாளியை அறிந்த மருத்துவர் தேவைப்படுவதாலும், எந்நேரமும் வீட்டுக்கு வரக்கூடிய உள்ளூர் மருத்துவர் ஒருவரின் எண்ணையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.