கல்லூரியில் நடப்பு அரசியல் குறித்த பொதுச் சொற்பொழிவுத் தொடரை நடத்துவது எப்படி?

துறைத்தலைவர் அழைத்து, "இந்த ஆண்டுச் சொற்பொழிவுத் தொடரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னதும், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர் பெரும்பாலும் முதலில் தேடுவது பெயர்பெற்ற பேச்சாளர் ஒருவரின் கைப்பேசி எண்ணைத்தான். கடலோர மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் நிகழ்ச்சியில் வரவேற்புரையும் பொன்னாடைகளும் அறிமுகவுரையும் வாழ்த்துரையும் முடிந்து பேச்சாளர் மைக்கைப் பிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அவர் பேசி முடித்தபோது உணவு இடைவேளை மணி அடித்தது. பின்வரிசையில் ஒரு பெரியவர், ஊர்க்காரர், நான்காக மடித்த தாளைக் கையில் வைத்திருந்தார். நாட்டுப்பண் முடிந்ததும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார். அவர் என்ன கேட்க வந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவரைப் போன்றவர்கள் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே கீழ்க்காணும் முறையை ஆண்டுதோறும் திருத்தி அமைத்து வருகிறேன்.

முதற்படி: கேள்வியை முடிவு செய்யுங்கள்

"உலகமயமாதலும் இந்தியாவும்" போன்ற தலைப்பில் எவரும் எதையும் பேசிவிட்டுப் போகலாம். தலைப்பு ஒரு கேள்வியாக இருந்தால் பேச்சாளர் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். கேட்பவரும் விடை கிடைத்ததா என்று பார்க்க முடியும். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 15 உறுப்பு நாடுகளுள் 5 நாடுகளுக்கு மட்டும் தீர்மானத்தைத் தனித்தே தடுக்கும் இரத்து அதிகாரம் (வீட்டோ) இருப்பது ஏன்? 1976இல் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் நிறுத்திவைக்கப்பட்ட, மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு மக்களவைத் தொகுதிகளைப் பங்கிடும் பணி மீண்டும் நடந்தால், 39 தொகுதிகள் கொண்ட தமிழ்நாட்டின் குரல் என்ன ஆகும்? 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றபோது, திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஆடைகளுக்கு என்ன நேர்ந்தது? இவ்வாறு உலகச் செய்தி ஒன்றும் கேட்பவரின் வாழ்க்கையும் சந்திக்கும் இடத்தில் கேள்வியை அமைத்துவிட்டால், பாதி வேலை முடிந்ததாகவே நான் கருதுகிறேன்.

கேள்வியின் சொற்களையும் நிறுத்துப் பாருங்கள். எங்கள் பகுதியில் "கச்சத்தீவு யாருக்குச் சொந்தம்?" என்று தலைப்பிட்டால் கூட்டம் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து உட்கார்ந்துவிடும். "பாக் நீரிணையில் இரு கரை மீனவர்களும் பிழைக்க என்ன வழி?" என்று கேட்டபோது, கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியால் வலைகளை இழக்கும் வட இலங்கைத் தமிழ் மீனவரின் துயரமும், 2017இல் இலங்கை அந்த முறையைத் தடை செய்ததும், கைதாகும் நம் மீனவரின் குடும்ப நிலையும் ஒரே மேடையில் பேசப்பட்டன.

இரண்டாம் படி: நாளும் பேச்சாளரும்

ஒரு பருவத்துக்கு மூன்று சொற்பொழிவுகள் போதும். அகமதிப்பீட்டுத் தேர்வு வாரங்களையும் தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் காலத்தையும் தவிர்த்துவிடுங்கள். கல்லூரி முதல்வரின் அனுமதியை எழுத்தில் பெற்றுக் கோப்பில் வையுங்கள்.

பேச்சாளர் அந்தக் கேள்வியில் உழைத்தவராக இருக்க வேண்டும். புகழ் பெற்றவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அழைப்புக் கடிதத்தில் கேள்வியையும், பேச்சுக்கு 40 நிமிடம் என்பதையும், அதன்பின் 40 நிமிடம் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். கேள்வி நேரத்துக்கு உடன்படாதவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நன்றி தெரிவித்துவிட்டு வேறொருவரைத் தேடுவதே நல்லது.

மூன்றாம் படி: பின்னணித் தாள்

இதைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்; என் கணக்கில் மற்ற எல்லா ஏற்பாடுகளையும்விட இதுவே முக்கியம். ஒரே தாளில், இரு பக்கத்துக்கு மிகாமல், கருத்து எதையும் கலக்காமல், ஆண்டுகளையும் ஒப்பந்த வாசகங்களையும் சொற்களின் பொருளையும் மட்டும் தமிழில் தாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் நால்வரிடம் தயாரிக்கக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எந்த ஆவணம் ஆதாரம் என்று கேட்டுச் சரிபார்த்தபின், நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே நூலகத்திலும் வாயிற்காவலர் அறையிலும் நகல்களை வைத்துவிடுங்கள்.

மேலே சொன்ன மீனவர் சொற்பொழிவுக்கான தாளில், 1974 ஜூன் மாத இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவைத் தமிழாக்கித் தந்திருந்தோம். இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்பது அதன் சாரம். கூட்டத்துக்கு வந்திருந்த படகு உரிமையாளர் ஒருவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே எழுந்தார். "ஐயா, இதுல வந்து போகலாம்னுதான போட்டிருக்கு, மீன் பிடிக்கலாம்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். பேச்சாளர் அந்த ஒரு கேள்விக்காகவே, மரபாக அனுபவித்துவந்த உரிமைகளை இரு நாட்டுக் கலங்களுக்கும் அளிக்கும் ஆறாம் பிரிவுக்கும், ஒரு நாட்டுப் படகு மறுநாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று 1976 மார்ச்சில் பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களுக்கும் சென்று, பத்து நிமிடம் விளக்கினார். கையில் தாள் இல்லாமல் அப்படி ஒரு கேள்வி பிறந்திருக்காது.

நான்காம் படி: பொதுமக்களை அழையுங்கள்

மாணவர்களை வருகைப்பதிவுக்காக அரங்கில் அடைத்துவிட்டு அதைப் பொதுச் சொற்பொழிவு என்று அழைப்பது எனக்கு ஏற்புடையதன்று. பேருந்து நிலையம், கிளை நூலகம், வழக்கறிஞர் சங்கம், தேநீர்க் கடை ஆகிய இடங்களில் எளிய துண்டறிக்கை ஒட்டுங்கள். "அனைவரும் வரலாம்" என்று அதில் எழுதியிருந்தாலும், வாயிற்காவலரிடம் நேரில் சென்று சொல்லிவைக்காவிட்டால், அடையாள அட்டை இல்லாதவர் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். வேலைக்குப் போவோர் வர வேண்டுமானால் மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்குவதே பொருந்தும்; ஆனால் வெளியூர் மாணவியரின் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நிகழ்ச்சி நாள்

வரவேற்பு 5 நிமிடம், பேச்சு 40, கேள்விகள் 40, நன்றி 5 என 90 நிமிடத்தில் முடியுங்கள். பொன்னாடைக்குப் பதில் ஒரு நூல் கொடுங்கள். அந்த மிச்சம் தாள் நகலெடுக்கப் போதும்.

கேள்வி நேரத்தை நெறிப்படுத்துபவர் நீங்களாகவோ நன்கு பழகிய மூத்த மாணவராகவோ இருக்கட்டும். கூச்சமுள்ள மாணவர் எழுதித் தர வெற்றுச் சீட்டுகளை இருக்கைதோறும் வைத்துவிட்டு, வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மைக்கையே கொண்டுபோய்க் கொடுங்கள், ஏனெனில் எழுதத் தயங்குபவர்கள் அவர்களுள் பலர். ஒரே பொருளுள்ள சீட்டுகளைச் சேர்க்கலாம். ஆனால் பேச்சாளருக்குச் சங்கடம் தரும் என்று எதையும் ஒதுக்காதீர்கள். எவரேனும் கட்சி மேடைப் பேச்சைத் தொடங்கினால் இரண்டு நிமிடம் பொறுத்து, "ஐயா, உங்கள் கேள்வி என்னவென்று சொல்லுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். அவரும் பெரும்பாலும் கேள்விக்கு வந்துவிடுவார்.

ஆறாம் படி: முடிந்த பின்

ஒலிப்பதிவை நூலகத்துக்குக் கொடுங்கள். நேரமின்மையால் விடுபட்ட சீட்டுகளைத் தட்டச்சு செய்து பேச்சாளருக்கு அனுப்பி, வரும் விடைகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சீட்டுகளை ஓர் உறையில் போட்டுத் தேதியிட்டு வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான முதற்படியை அந்த உறையைப் பிரித்துத்தான் நாங்கள் தொடங்குகிறோம்.