டிரெய்லர் இழுக்க முக்கால் டன் பிக்கப் போதுமா, ஒரு டன் வேண்டுமா? எடைக் கணக்கை வைத்து முடிவெடுக்கும் முறை

அமெரிக்காவில் பயண டிரெய்லர் வாங்க விரும்பும் குடும்பங்கள் பிக்கப் விற்பனையகத்தில் முதலில் கேட்பது, "இது எத்தனை பவுண்டு இழுக்கும்?" என்றுதான். விடையாகப் பெரியதோர் எண் கிடைக்கும். ஆனால் ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, ஷெவர்லே சில்வராடோ 2500 போன்ற முக்கால் டன் வண்டிகளில், இழுக்கும் வலிமை தீர்வதற்கு நெடுநேரம் முன்பே சுமக்கும் திறன் தீர்ந்துவிடுகிறது. பேலோடு எனப்படும் அந்தச் சுமக்கும் திறனைக் கொண்டுதான் எஃப்-350, ராம் 3500 போன்ற ஒரு டன் வண்டி தேவையா என்பதை முடிவு செய்ய வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு வண்டி தேடியபோது நான் கடைப்பிடித்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முக்கால் டன், ஒரு டன் என்பவை ஒரு காலத்தில் 1,500, 2,000 பவுண்டு சுமையைக் குறித்த பெயர்கள். இன்றைய வண்டிகள் அதைவிட மிகுதியாகச் சுமக்கும் என்பதால், அவற்றை வகுப்புப் பெயர்களாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: டிரெய்லரிலிருந்து தொடங்குங்கள்

வண்டியை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற டிரெய்லரைத் தேடுவது தலைகீழான வழி. டிரெய்லரின் வெளிப்புறத்தில், முன்பக்க இடது மூலையருகே ஒட்டப்பட்டுள்ள தகட்டில் ஜிவிடபிள்யூஆர் என்ற எண் இருக்கும். பொருள்கள் அனைத்தையும் ஏற்றிய பின் அந்த டிரெய்லர் எட்டக்கூடிய உச்ச எடை அது. விளம்பரத் தாளில் காணும் வெற்று எடையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அதில் தண்ணீரோ, பாத்திரங்களோ, துணிமணிகளோ அடங்கா. பெரும்பாலும் பேட்டரிகூட அடங்காது. ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு என்பதால், 60 கேலன் தொட்டி நிரம்பினாலே 500 பவுண்டு கூடிவிடும்.

படி 2: வண்டியின் மீது இறங்கும் எடை

பின்பக்கக் கொக்கியில் மாட்டும் சாதாரண டிரெய்லர், தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் மீது இறக்கும். சரக்குத் தட்டின் நடுவில் அமரும் பிஃப்த் வீல் வகை 15 முதல் 25 சதவீதம் வரை இறக்கும். முன்னதற்கு 13, பின்னதற்கு 20 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுவது என் வழக்கம்.

படி 3: கதவுச் சட்டத்தில் உள்ள ஒட்டுத்தாள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். என்னை நெடுநாள் நிறுத்தி வைத்ததும் இதுவே. ஓட்டுநர் கதவைத் திறந்தால், பயணிகளும் பொருள்களும் சேர்ந்து இத்தனை கிலோ அல்லது இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதிய மஞ்சள், வெள்ளை நிற ஒட்டுத்தாள் தெரியும். நிறுவனத்தின் விளம்பரத் தாளில் உள்ள பேலோடு, அந்த மாடலிலேயே மிக எளிய, மிக இலேசான வண்டிக்கு உரியது. கதவில் உள்ள எண்ணோ உங்கள் முன் நிற்கும் அதே வண்டிக்கு உரியது. நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், கண்ணாடிக் கூரை, டீசல் எஞ்சின் என ஒவ்வொன்று சேரும்போதும் அந்த எண் குறையும்.

இவற்றில் மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது டீசல் எஞ்சின். அது பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனமானது. முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு (வண்டிக்கான ஜிவிடபிள்யூஆர்) 10,000 பவுண்டில் நிறுத்தப்பட்டிருக்கிறது. அமெரிக்க வகைப்பாட்டில் அந்த எண்ணைத் தாண்டினால் வண்டி அடுத்த வகுப்புக்குப் போய்விடும். நான்கு கதவு கொண்ட டீசல் வண்டி வெறுமையாகவே 7,800 பவுண்டு இருக்குமானால், எஞ்சுவது 2,200 பவுண்டு மட்டுமே. கூடுதல் விலை கொடுத்து வலிமையான எஞ்சினை வாங்கியவருக்குப் பெட்ரோல் வண்டிக்காரரைவிடக் குறைவான சுமைதான் கிடைக்கிறது. விற்பனையகத்தில் யாரும் தாமாக முன்வந்து இதைச் சொல்வதில்லை என்பதால், கதவைத் திறந்து படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பின்பக்கத்தில் காற்றுப்பை பொருத்தினால் வரம்பு உயரும் என்று சொல்வார்கள். வண்டியின் பின்பகுதி தாழாமல் நிற்கும் என்பது உண்மை. ஒட்டுத்தாளில் உள்ள வரம்பு ஒரு பவுண்டுகூட மாறாது.

படி 4: கூட்டிப் பாருங்கள்

7,000 பவுண்டு சாதாரண டிரெய்லருக்கு: இறங்கும் எடை 910, எடையைப் பகிரும் ஹிட்ச் (இணைப்புக் கருவி) 100, நால்வர் குடும்பம் 600, பொருள்கள் 300; மொத்தம் 1,910. மேற்சொன்ன டீசல் முக்கால் டன்னில் இது அடங்கிவிடும். பெட்ரோல் முக்கால் டன்னில் தாராளமாக அடங்கும். இந்த அளவு டிரெய்லருக்கு நான் பெட்ரோலையே பரிந்துரைப்பேன்.

14,000 பவுண்டு பிஃப்த் வீலுக்கு: இறங்கும் எடை 2,800, ஹிட்ச் 200, குடும்பம் 600, பொருள்கள் 200, மொத்தம் 3,800. டீசல் முக்கால் டன் இதை இழுத்துக்கொண்டு ஓடும்; ஆனால் பாதுகாப்பாகச் சுமக்க இயலாது. பின்பக்கம் புறத்துக்கு ஒற்றைச் சக்கரம் கொண்ட ஒரு டன் வண்டிகளில் சிலவற்றில் அடங்கும், சிலவற்றில் அடங்காது. அங்கும் கதவைத்தான் பார்க்க வேண்டும். பின்பக்கம் நான்கு சக்கரம் கொண்ட டூயலியில் கவலையில்லை. ஆனால் அதன் பின்பகுதி ஏறத்தாழ எட்டு அடி அகலம், டயர்கள் ஆறு; நகரத்தில் அன்றாடம் ஓட்ட அது சிரமமான வண்டி. இறங்கும் எடை 3,000 பவுண்டைத் தாண்டினால் மட்டும் டூயலி வாங்குங்கள் என்பது என் கருத்து.

கணக்கு எல்லைக்கோட்டில் நின்றால், தயங்காமல் ஒற்றைச் சக்கர ஒரு டன்னை எடுங்கள். புதிய வண்டிகளில் முக்கால் டன்னுக்கும் அதற்கும் விலை வேறுபாடு பெரிதன்று. ஓட்டும்போதும் அதிக வேறுபாடு தெரியாது. ராமில் மட்டும் 2500-இன் பின்பக்கம் சுருள்வில், 3500-இல் பட்டைவில் என்பதால், வெறும் வண்டியாக ஓட்டும்போது 2500 மென்மையாக இருக்கும்.

கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலையில் 11,000 அடிக்கு மேல் உள்ள ஐசனோவர் சுரங்கப் பாதை போன்ற இடங்களுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு டீசல் தேவை. மெல்லிய காற்றில் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் வலிமை இழக்கும். இறக்கத்திலோ, புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் உங்கள் பிரேக்குகளைச் சூடேறாமல் காக்கும். அவர்கள் டீசலின் எடையையும் சேர்த்து ஈடுசெய்ய ஒரு டன்னுக்கே போக வேண்டும்.

படி 5: எடை மேடை

நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் மேடையில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் ஆகியவற்றைத் தனித்தனியே நிறுக்கலாம். எரிபொருளை நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, ஒருமுறை டிரெய்லரோடும் ஒருமுறை டிரெய்லர் இல்லாமலும் நிறுங்கள். வண்டியின் இரு அச்சுகளிலும் கூடியிருக்கும் எடையே டிரெய்லர் உண்மையில் இறக்கும் எடை. பின் அச்சின் தனி வரம்பும் கதவில் எழுதப்பட்டிருக்கும், அதையும் ஒப்பிடுங்கள். இணையத்தில் உள்ள எந்தக் கணக்கிடும் கருவியையும்விட இந்த ரசீதையே நான் நம்புகிறேன்.

பின்சேர்க்கை: ஒரு டன் வண்டியில் அந்த மஞ்சள் ஒட்டுத்தாளே இல்லையே என்று வாசகர் இருவர் கேட்டிருந்தனர். மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு அந்த ஒட்டுத்தாள் கட்டாயமில்லை. அவற்றில் கதவில் உள்ள மற்றொரு தாளிலிருந்து ஜிவிடபிள்யூஆர் எண்ணை எடுத்து, வெறும் வண்டியை மேடையில் நிறுத்திக் கிடைத்த எடையை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன்னரே, சோதனை ஓட்டத்தின்போது இதைச் செய்ய விற்பனையாளரிடம் அனுமதி கேளுங்கள். நான் கேட்டபோது மறுக்கவில்லை.

உரிமம் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். டெக்சாஸில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த வரம்பு 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் மட்டும் 10,000-க்கு மேல் இருந்தால், சொந்தப் பயணத்துக்கும் வணிகம் சாராத கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். 12,000 பவுண்டு வரம்புள்ள ஒரு டன் வண்டியோடு மேலே சொன்ன 14,000 பவுண்டு பிஃப்த் வீலைச் சேர்த்தால் சரியாக 26,000 வரும். அதுவரை சாதாரண உரிமமே போதும்.