முதல் உலகப்போர்க்கால பிரிட்டனில் ஜெர்மானியக் கடைக்காரரைத் தேடுவது எப்படி

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்குங்கள். குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிய படிவமே கிடைக்கும். தொழில், பிறந்த ஊர், பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவரா என்பதெல்லாம் அதில் இருக்கும். ரொட்டிக்கடை, பன்றிக்கறிக்கடை, முடிதிருத்தகம் நடத்திய ஜெர்மானியர் ஏராளம். பெயரை அவர் எழுதியபடியே குறித்துக்கொள்ளுங்கள். 'முல்லர்', 'மியூலர்', 'மில்லர்' மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். தேடல் பெரும்பாலும் இங்கேதான் தடம் மாறுகிறது.

குடியுரிமை இருந்தால் லண்டனின் கியூ (Kew) பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறைக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குடியுரிமை இல்லையென்றால் முகாம் பதிவுகளைத் தேடுங்கள்: 1915 மே மாதத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட 17 முதல் 55 வயது ஜெர்மானிய ஆண்களைச் சிறைவைத்தார்கள். பலர் போனது ஐரியக் கடலிலுள்ள மான் தீவின் (Isle of Man) நாக்கலோ முகாமுக்கு. பிரிட்டிஷ் முகாம் பதிவுகளில் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துபோனதால் அங்கே நாட்களை வீணாக்க வேண்டாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் உலகப்போர்க் கைதிகள் தளம் இலவசம்: ஜெர்மனி, குடிமக்கள் என்று தேர்ந்தெடுத்துப் பெயர் அட்டையைத் திறங்கள். அட்டையோடு நின்றுவிடாதீர்கள். அதிலுள்ள எண்ணைக் கொண்டு பதிவேட்டுப் பக்கத்தைத் திறந்தால்தான் பிறந்த ஊரும் உறவினர் முகவரியும் கிடைக்கும்.

மனைவியையும் கட்டாயம் தேடுங்கள். பிரிட்டனில் பிறந்தவளானாலும் ஜெர்மானியரை மணந்ததால் சட்டப்படி அவளும் அந்நியப் பிரஜை. கடையைக் கடைசிவரை தாங்கி நின்றவள் பெரும்பாலும் அவள்தான்.

கடைக்கு என்ன ஆனது என்பதற்கு, லூசிடானியா பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த 1915 மே 7-ஐ அடுத்த வாரத்து உள்ளூர்ச் செய்தித்தாள்களைப் புரட்டுங்கள். அந்தக் கோபத்தில் ஜெர்மானியர் கடைகளைக் கும்பல்கள் தாக்கின. குடியுரிமை பெற்றவர்களின் கடைகளும் அந்தக் கலவரங்களில் தப்பவில்லை.