பங்குதாரர், தரப்பினர், கம்பெனி: சட்ட வரலாற்றைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் படிக்கிறவர்களுக்கு முதல் சறுக்கல் சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஷேர் வைத்திருப்பவர் பங்குதாரர். கூட்டு வியாபாரத்தில் பார்ட்னரும் பங்குதாரர். இப்போது ஸ்டேக்ஹோல்டரையும் பங்குதாரர் என்றே பல இடங்களில் எழுதுகிறார்கள். ‘பங்குதாரர் நலன் காக்கப்படும்’ என்று ஓர் அறிக்கை சொன்னால், முதல் போட்டவரை மட்டும் சொல்கிறதா, தொழிலாளியையும் சேர்த்தா என்பது தெரியாமல் போகிறது. கம்பெனிச் சட்டத்தின் நெடுநாள் வழக்கே இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான். அதனால் இங்கே பங்குதாரர் என்றால் ஷேர் வைத்திருப்பவர் மட்டும். தொழிலாளர், கடன் கொடுத்தவர், சரக்கு தருபவர், வாடிக்கையாளர், ஊர்மக்கள் ஆகியோரைத் தரப்பினர் என்கிறேன்.

அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு, 1919ஆம் ஆண்டு ஃபோர்டு வழக்கை ஒரே வரியில் சொல்லி முடிப்பது. ‘பங்குதாரருக்கு லாபம் சேர்ப்பதுதான் கம்பெனியின் வேலை என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்த்துவிட்டது’ என்பார்கள். நடந்ததைப் பார்ப்போம். 1916இல் ஃபோர்டு கம்பெனியிடம் சுமார் 11.2 கோடி டாலர் உபரி இருந்தது. ஆனாலும் சிறப்பு டிவிடெண்ட் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் பணம்) இனி கிடையாது, காரின் விலையை 440 டாலரிலிருந்து 360க்குக் குறைக்கிறேன், தொழிற்சாலையை விரிவாக்குகிறேன் என்றார் ஹென்றி ஃபோர்டு. 10 சதவீதப் பங்கு வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் சொந்தமாகக் கார் தயாரிக்கத் தொடங்கியிருந்தவர்கள். டிவிடெண்டை நிறுத்தினால் போட்டியாளருக்குப் பணம் போகாது என்பதையும் மறக்கக்கூடாது.

மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சுமார் 1.93 கோடி டாலர் டிவிடெண்ட் தரச் சொன்னது. வணிகக் கம்பெனி முதன்மையாகப் பங்குதாரர் லாபத்துக்காக நடப்பது என்றும் எழுதியது. இந்த வரியைத்தான் எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். அதே தீர்ப்பின் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். கீழ் நீதிமன்றம் விரிவாக்கத்துக்கு விதித்திருந்த தடையை அதே தீர்ப்பு நீக்கியது. நீதிபதிகள் வியாபார நிபுணர்கள் அல்ல என்றது. கார் விலையையும் தொடவில்லை. அப்புறம், இது ஒரு மாநிலத்தின் தீர்ப்பு. 1968இல் இலினாய் மாநிலத்தில், மைதானத்தில் விளக்கு போட்டு இரவு ஆட்டம் நடத்த மறுத்த பேஸ்பால் கம்பெனிமீது ஒரு பங்குதாரர் வழக்குப் போட்டபோது, சுற்றியுள்ள குடியிருப்பைப் பற்றி நிர்வாகம் கவலைப்படுவது தவறில்லை என்று நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. ஒன்றை மட்டும் காட்டி இதுதான் சட்டம் என்பது நியாயமில்லை.

1883ஆம் ஆண்டு வெஸ்ட் கார்க் ரயில்வே வழக்குக்கும் இதே கதிதான். கம்பெனிப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கக்கூடாது என்ற தீர்ப்பாக அதைச் சொல்வார்கள். ஆனால் கம்பெனிக்கு நன்மை தரும் என்றால் தொழிலாளருக்குத் தாராளமாகவே செய்யலாம் என்றார் அதே தீர்ப்பில் நீதிபதி போவன். வெகுமதி கொடுக்க நினைத்த அந்த ரயில்வே மூடப்படும் கட்டத்தில் இருந்தது. வேலையே நடக்காத இடத்தில் வெகுமதி கொடுத்துக் கம்பெனிக்கு என்ன நன்மை என்பதுதான் கேள்வி.

வரலாற்றை நேர்கோடாகப் பார்ப்பதும் ஏமாற்றும். ‘முன்பு லாபம் மட்டும், இப்போது சமூகமும்’ என்பது பொருந்தாத கதை. அரசின் சாசனம் (தனி அனுமதிப் பத்திரம்) வாங்கித்தான் கம்பெனி தொடங்க முடியும் என்றிருந்த காலத்தில் கால்வாய், பாலம் போன்ற பொதுக்காரியத்தைக் காட்டித்தான் பெரும்பாலும் அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தில் பதிவு செய்தாலே போதும் என்று ஆனது 1844இல். 1930களின் தொடக்கத்தில் அடால்ஃப் பெர்லி, மெரிக் டாட் என்ற இரண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் ஹார்வர்ட் சட்ட இதழில் மோதினார்கள். நிர்வாகிகள் பங்குதாரருக்காக நடத்த வேண்டும் என்றார் பெர்லி; சமூகத்துக்கும் பொறுப்பு உண்டு என்றார் டாட். பெர்லியை லாபத்தின் வக்கீலாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாருக்கும் பொறுப்பு என்று விட்டால் நிர்வாகிகள் யாருக்குமே கணக்குச் சொல்லமாட்டார்கள் என்பதுதான் அவர் பயம். 1954இல் வாதம் டாடின் பக்கம் முடிந்துவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். 1970இல், லாபம் சேர்ப்பதுதான் கம்பெனியின் சமூகப் பொறுப்பு என்ற மில்டன் ஃப்ரீட்மன் கட்டுரையோடு காற்று மறுபடி திசை மாறியது. அது பொருளியலாளரின் கருத்து, சட்டம் அல்ல. 1983இல் பென்சில்வேனியா, தொழிலாளரையும் ஊரையும் இயக்குநர்கள் கருதலாம் என்று சட்டமே போட்டது.

பங்குதாரர்தான் கம்பெனியின் சொந்தக்காரர் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 1925ஆம் ஆண்டு மகாரா வழக்கைப் படித்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. தன் மரங்களைக் கம்பெனிக்கு விற்று அதன் பங்குகளைப் பெற்றவர், மரங்களைத் தன் பெயரிலேயே இன்சூர் செய்திருந்தார். தீயில் எல்லாம் போனது. மரம் கம்பெனியுடையது, உமக்கு அதில் உரிமை இல்லை என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. பங்குதாரருக்கு இருப்பது பங்கு. சொத்து கம்பெனிக்கு. இயக்குநரின் கடமையும் கம்பெனிக்கே.

சரி, சட்டத்தில் பெயர் வந்துவிட்டால் உரிமை வந்துவிட்டதா? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிரிட்டனின் 2006 சட்டம், பிரிவு 172, தொழிலாளர், சரக்கு தருபவர், சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் இயக்குநர் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது; ஆனால் இலக்கு உறுப்பினர்களின், அதாவது பங்குதாரர்களின், நன்மைக்காகக் கம்பெனி வெற்றி பெறுவது. கம்பெனி சார்பில் வழக்குப் போடும் வழியும் உறுப்பினருக்குத்தான். இந்தியாவின் 2013 சட்டம், பிரிவு 166(2), கம்பெனி, தொழிலாளர், பங்குதாரர், சமுதாயம், சுற்றுச்சூழல் ஆகியவற்றை ஒரே வாக்கியத்தில் வைக்கிறது. அவற்றுக்குள் மோதல் வந்தால் எது முந்தும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஜெர்மனியின் 1976 சட்டத்தைப் பாருங்கள்: 2,000 பேருக்கு மேல் வேலை செய்தால் மேற்பார்வை வாரியத்தில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. வாக்குகள் சமமானால் தலைவரின் இரண்டாவது வாக்கு முடிவு செய்யும். அந்தத் தலைவர் பொதுவாகப் பங்குதாரர் தரப்பு ஆள். எந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இரண்டு: வாரியத்தில் யாருக்கு இடம், வழக்குப் போட யாருக்கு உரிமை.

கடன் கொடுத்தவரை இந்த வரலாற்றில் பலர் மறந்தே போகிறார்கள். கம்பெனி நொடிக்கும் நிலையில் இயக்குநர் அவர் நலனையும் பார்க்க வேண்டும் என்று 2022இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் செக்வானா வழக்கில் உறுதி செய்தது. அதிலும் ஒரு கவனம் வேண்டும். 2009இல் கொடுக்கப்பட்ட 13.5 கோடி யூரோ டிவிடெண்டைப் பற்றிய அந்த வழக்கில், கடன் கொடுத்தவரின் பக்கம் நின்று வாதாடியவர்கள் தோற்றார்கள். டிவிடெண்ட் கொடுத்த நாளில் கம்பெனி இன்னும் நொடிக்கும் நிலைக்கு வரவில்லை.